வயலின் ஆசிரியர் யோசப் பேம்: தமிழ் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வகுப்பில் மேற்கத்திய வயலின் பயிலும் பிள்ளைகளின் ஸ்டாண்டில் யாகோப் தோன்ட் எழுதிய பயிற்சிப் புத்தகம் எப்போதும் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து நோட்டெல்லாம் மங்கிப்போன பிரதி. "இந்த தோன்ட் யாரு சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடை தேடிப் போன நாங்கள், தோன்ட்டின் ஆசிரியர் யோசப் பேம் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவரைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் கொண்டுவர இருக்கிறோம். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

(பெயரை "போம்" என்றுதான் முதலில் எழுதினோம். வந்தவரை விரட்டுவதுபோல் இருக்கிறது என்று குழுவில் ஒருவர் சிரித்ததால் "பேம்" ஆயிற்று.)

1795இல் பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) பிறந்தவர் பேம். 1819இல் வியன்னா கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) வயலின் பேராசிரியரானார். 1821 முதல் அரசவை இசைக்குழுவிலும் வாசித்தார். 1825இல் இசையமைப்பாளர் பேத்தோவனின் குவார்டெட் ஒன்றை (நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசை; அவர் படைப்பு வரிசையில் எண் 127) வேறொரு குழு அரங்கேற்றியது, அது எடுபடவில்லை. அடுத்து அது பேமின் கைக்கு வந்தது. பேத்தோவனுக்கோ காது கேட்காது. ஒத்திகையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, நான்கு வில்களும் போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருப்பாராம். தாளம் இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். முடிவுப் பகுதியில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவர் எழுதியிருந்த இடம் பேமுக்குச் சரியாகப் படவில்லை. வேகம் குறைக்காமலே வாசித்தார்கள். பேத்தோவன் எழுந்து வந்தார், "அப்படியே இருக்கட்டும்" என்றார், நால்வரின் தாளிலும் அந்தக் குறிப்பைத் தானே அடித்தார். இந்த ஒரு காட்சிக்கே தனி அத்தியாயம் வைத்திருக்கிறோம்.

1828 மார்ச் 26, இசையமைப்பாளர் ஷூபர்ட் தம் படைப்புகளுக்கென்றே நடத்திய கச்சேரியிலும் வயலின் பேம்தான். மூன்றே நாளில் இத்தாலிய வயலின் மேதை பகனினி வியன்னாவில் மேடையேற, ஊர்ப்பேச்சு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது.

பிற்பாடு பேம் மேடையைக் குறைத்துக்கொண்டார். அவருடைய உண்மையான சாதனை வகுப்பறையில்தான் என்பது எங்கள் கட்சி. பின்னாளில் பெரும் வயலின் கலைஞரான யோவாகிம் அப்போது சிறுவன். அவன் வில் பிடி விறைப்பு, இவன் தேறமாட்டான் என்று ஓர் ஆசிரியர் கைவிரித்தார். பேமின் பழைய மாணவர் எர்ன்ஸ்ட், "பேமிடம் கொண்டுபோங்கள்" என்றார். பையன் ஆசிரியர் வீட்டிலேயே தங்கிப் படித்தான். நம் ஊர்க் குருகுலவாசம்தான். 1844இல், பதின்மூன்று நிறைவதற்கு முன்பே, லண்டனில் பேத்தோவனின் வயலின் கன்செர்ட்டோவை (இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்பு) வாசித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் வயலின் மேதை ஹைஃபெட்ஸுக்குப் பின்னாளில் குருவான லியோபோல்ட் ஆவர், தோன்ட்டிடமும் பயின்றார், யோவாகிமிடமும் பயின்றார். தாய்வழியில் போனாலும் தந்தைவழியில் போனாலும் குரு பரம்பரையில் ஹைஃபெட்ஸுக்குக் கொள்ளுத்தாத்தா பேம் ஒருவர்தான். பேம் 1876இல் வியன்னாவில் மறைந்தார்.

நூல் 96 பக்கம், 300 பிரதிகள். தட்டச்சும் மெய்ப்பும் குழுவினர் கைவேலை, அதற்குச் செலவில்லை. தாள், அச்சு, பைண்டிங் சேர்த்து ரூ. 48,000 ஆகும் என்கிறார் அச்சகத்தார். எங்களுக்குள் திரட்டியது ரூ. 19,000. மீதம் ரூ. 29,000 வேண்டும்.

நூறு ரூபாயும் பெரிய உதவியே. ரூ. 500 தருவோருக்கு ஒரு பிரதி உண்டு. பெயரை நூலில் அச்சிட வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு விவரம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் வகுப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் மிஞ்சினால் பிள்ளைகளுக்குத் தோன்ட் பயிற்சிப் புத்தகம், ஜெராக்ஸ் அல்ல, அச்சுப் பிரதியே வாங்கித் தருவோம்.

இவண்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்