வடலூரில் கிடைத்த அமைதிக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அம்மா போன பிறகு என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள் பலர். ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லி மாளாது என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் வீடு அமைதியாகத்தான் இருந்தது. மனசுதான் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி இரவுகள் திரும்பத் திரும்ப உள்ளே ஓடின. "இப்படியே உட்கார்ந்திருந்தா ஆகாது, கிளம்பு" என்று வடலூருக்குக் கூட்டிப்போனீர்களே சித்தி, முதல் நன்றி உங்களுக்கு.

வள்ளலார் அங்கே தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23 அன்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. அடுப்பு தானாக எரிவதில்லை. ஒருவர் விறகைத் தள்ளிவிடுகிறார், இன்னொருவர் அரிசி களைகிறார், அவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் வருகிறார். முதலில் தீ மூட்டியவர்களும், நிலம் எழுதிக்கொடுத்த பார்வதிபுரத்து மக்களும் இன்று இல்லை. பசித்து வருகிறவருக்கு இலை மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

அந்தச் சமையற்கட்டில் இருந்தவர்களுக்கு என் நன்றி. யார், எந்த ஊர், என்ன துக்கம் என்று ஒரு கேள்வி இல்லை. பூசணிக்காயையும் அரிவாள்மனையையும் முன்னால் நகர்த்திவிட்டு, "பெரிய துண்டமாப் போடும்மா, குழைஞ்சிடும்" என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான். பந்தியில் பரிமாறியவர் ரசத்தை ஊற்றிவிட்டு நகரவில்லை. நான் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை நின்றார். அம்மாவும் அப்படித்தான் நிற்பாள். அன்றுதான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மாலையில் சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம். மாதப் பூசத்தன்று ஆறு திரைகளை விலக்கிக் காட்டுவார்கள். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான். திரை விலகியபோது அத்தனை கூட்டமும் பேச்சை விட்டது. எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது. அழுதேன், ஆனால் பதற்றம் இல்லை. அம்மா இல்லை என்பதை அந்த இடத்தில்தான் என்னால் அமைதியாக நினைக்க முடிந்தது. பக்கத்தில் நெருக்கியடித்து நின்றும் எனக்கு இடம் விட்ட முகம் தெரியாத அம்மாக்களே, உங்களுக்கும் நன்றி.

அப்புறம், நான் ஊரில் இல்லாத நாட்களில் வாசல் தெளித்து விளக்கேற்றிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், என் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிக்கும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண் விழித்த தம்பிக்கும் நன்றி. இதெல்லாம் தீர்க்கக்கூடிய கடனில்லை.

அம்மாவின் முதல் திதி வருகிறது. வீட்டுச் சடங்கைச் சுருக்கமாக முடித்துவிட்டு, அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் தருமசாலைக்குப் போகிறோம். காய் நறுக்க, பரிமாற ஆள் வேண்டும். முடிந்தவர்கள் வாருங்கள், கடலூரிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் பேருந்து உண்டு.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் வீட்டுப் பெண்