ஆம்புலன்ஸ் வரும் அத்தியாயம்

மக்களே,

உன் நாவலின் ஏழாம் அத்தியாயம் வாசித்தேன். அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டம், விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற ஆள், செரட்டையில் சொட்டுகிற பால் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பாம்பு கடித்த பிறகுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆம்புலன்சில் வருகிற பெண் காலைக் கயிற்றால் இறுக்கி, பிளேடால் கீறி, ரத்தத்தை உறிஞ்சித் துப்புகிறாள். பயிற்சி பெற்ற இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர், யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். வாசித்துவிட்டு ஒருவர் செய்து பார்த்தால் ஒரு கால் போய்விடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். கீறின இடம் நிற்காமல் ஒழுகும். உறிஞ்சினால் வெளியே வருகிற விஷம் ஒன்றுமில்லை. இறுக்கிக் கட்டினால் கீழே ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும்.

அவள் உண்மையில் செய்வது இது. ஆளைப் படுக்க வைப்பாள், நடக்க விடமாட்டாள்; நடந்தால் தசை அசைந்து விஷம் வேகமாகப் பரவும். காலில் வீக்கம் ஏறுமுன் மிஞ்சி, கொலுசு, அரைஞாண் எது இருந்தாலும் கழற்றுவாள். முழங்காலுக்கு மேலும் கீழும் பலகை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைப்பாள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுதுவாள். பதினைந்து நிமிடம் கழித்து வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த கோடு. இந்தக் கோடுகளை எழுது, மக்களே. உன் அத்தியாயத்தின் பதற்றம் முழுக்க அதில் இருக்கிறது.

வீட்டார் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் அவள் சட்டென்று அறுத்துவிடக் கூடாது. தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சில் உடம்பில் ஏறும். மருந்தும் மூச்சுக் கருவியும் இருக்கிற இடத்தில்தான் அவிழ்ப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். சாய்த்துப் பார்க்கும்போது தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடிதான் உறைதலைத் தூண்டும். விஷமுறிவு மருந்து வழக்கமாகப் பத்துக் குப்பியில் தொடங்கும். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் உரியது. நீ எழுதியிருப்பது சருகு நிறத்தில், மூக்கு நுனி தூக்கிய குட்டைப் பாம்பு. அது மலையோரத் தோட்டங்களில் கிடக்கிற குழிவிரியன். இந்த மருந்து அதற்குக் கேட்காது, சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும். நாயகன் மூன்றாம் நாள் எழுந்து நடக்க வேண்டுமானால் பாம்பை மாற்று. அணலி, அதாவது கண்ணாடிவிரியன், என்றாலும் மூன்று நாள் குறைவுதான்.

கட்டுவிரியனை யோசித்துப் பார். பெயரில் விரியன் இருந்தாலும் அது வேறு வகை, அதன் விஷம் நரம்பைத் தாக்கும். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி தெரியாது, தடமும் சரியாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரியும். இ.எம்.டி. அவரை மேலே பார்க்கச் சொல்வாள், ஒரே மூச்சில் எண்ணச் சொல்வாள். மூச்சுத் தசை தளரத் தளர எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை செக்போஸ்டில் லாரி டிரைவர் விழுகிறார். மானிட்டரில் நேர்கோடு, ஷாக் கொடுத்ததும் எழுந்து உட்காருகிறார். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, சொந்தத் தாளத்துக்குத் திரும்ப வழிவிடுவதுதான் ஷாக். நேர்கோட்டில் நிறுத்த எதுவுமில்லை. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலினும்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க எழும்ப விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இல்லையென்றால் களைப்பில் ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது. விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கும், நிறுத்தக் கூடாது. இடையிடையே கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து இழுப்பார். சுற்றி நிற்பவர்கள் 'மூச்சு வருது, விடுங்க' என்பார்கள். அது மூச்சு அல்ல. அந்தக் குரலை எப்படியும் உள்ளே கொண்டுவா.

போலீசுக்குப் பயந்து யாரும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறாய். பயம் உண்மைதான். ஆனால் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்த பிறகு, விபத்தில் உதவுகிறவர் பெயரும் முகவரியும் சொல்லக் கட்டாயமில்லை. இது தெரிந்த ஒரு பாத்திரமாவது கூட்டத்தில் இருக்கட்டும். எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு: போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் 108 அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பைலட் மலையாளத்தில் கேட்க, வீட்டார் தமிழில் பதில் சொல்லட்டும்; விளக்கம் எதுவும் வேண்டாம்.

திருத்துவதற்கு முன் ஒரு தாளில் நேரங்களை மட்டும் எழுது: கடித்தது, அழைத்தது, வண்டி வந்தது, ஆஸ்பத்திரி வாசல், முதல் குப்பி. அதை அனுப்பு. உரையாடலை அப்புறம் பார்க்கலாம்.

அப்பா