தம்பி, கம்பஸ் மெயிலைக் கைவிட்டுவிடாதே

ஒஸ்லோ
நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

நான் சுகம். குளிர் பிடித்துவிட்டது, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அரிசி, பருப்பு, தூள் எல்லாம் தமிழ்க் கடையில் கிடைக்கிறது, அம்மா யோசிக்க வேண்டாம். மிச்சம் தம்பிக்கு.

"கம்பஸ் மெயிலை யாரக்கா பார்க்கிறது, எனக்கு ஜீமெயில் போதும்" என்றாய் அல்லவா? இங்கே அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. லெக்சர் நோட்ஸ், பரீட்சைப் பதிவு எல்லாம் ஃபெய்டே என்ற ஒரே லொகினில் திறக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதேதான்.

பிரிண்ட் எடுக்கிறதைக் கேள். செங்கலடியில் கொமினிகேஷன் கடையில் பென்ட்ரைவைக் கொடுத்துவிட்டு, வைரஸ் ஏறாமல் திரும்பி வர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நிற்போமே! இங்கே அறையிலிருந்தே அனுப்பிவிடலாம். அது சும்மா காத்துக்கொண்டு கிடக்கும். பிறகு கம்பஸில் எந்த மெஷினுக்குக் கிட்டப் போய் மாணவர் அட்டையை வைத்தாலும், திரையில் என் பெயர் வரும், தாளும் வரும்.

வைஃபையின் பெயர் எடுரோம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். நூலகத்தில் இருந்தபோது அவளுடைய போன் பையில் கிடந்தபடியே டிங் டிங் என்று அடித்தது. பாஸ்வேர்டை அவள் யாரிடமும் கேட்கவில்லை. விஷயம் இதுதான்: அவளுடைய முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து, ஒஸ்லோ இடையிலுள்ள சேர்வர்கள் வழியாகப் பேராதனைப் பக்கம் கேட்கிறது, "இது உங்கள் பிள்ளையா?" என்று. அங்கிருந்து ஆமென்று பதில் வந்தால் கதவு திறக்கும். பாஸ்வேர்ட் பூட்டிய உறைக்குள் போவதால் ஒஸ்லோவுக்கு அது தெரியாது. எடுரோம் 2003இல் ஐரோப்பாவில் தொடங்கியது, இப்போது நூறு நாடுகளுக்கு மேல் இருக்கிறது. இலங்கையில் அதை நடத்துவது லேர்ன் என்ற, பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு. கொரோனா காலத்தில் சூம் லெக்சருக்கு டேட்டா கழியாமல் இருந்ததே, அதற்குப் பின்னால் நின்றதும் அவர்கள்தான்.

நைட் டேட்டா என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. பன்னிரண்டு மணி அடிக்கும்வரை கண்விழித்திருந்து லெக்சர் வீடியோ இறக்கினோம் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இவர்களுக்கு இந்த நெட் நேற்று வந்ததல்ல. 1973இலேயே, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஷெல்லரில், அணுகுண்டுச் சோதனையின் நில அதிர்வைப் பிடிக்கும் நிலையம் ஒன்று இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட்டோடு இணைந்துவிட்டது. பணம், காலம் இரண்டும் அவர்கள் பக்கம்.

அதனால் நீ செய்ய வேண்டியது: நாளைக்கே வந்தாறுமூலைக் கம்பஸில் கணினிப் பிரிவுக்குப் போய், உன் கணக்கு வேலை செய்கிறதா, எடுரோமுக்கு அது செல்லுமா என்று கேள். ஜீமெயில் பாஸ்வேர்டையே அதற்கும் போடாதே. போனில் எடுரோமை ஏற்றும்போது, தெரியாத சான்றிதழ் ஒன்றைக் காட்டி "நம்பவா?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்தாதே. அதே பெயரில் யாரும் ஒரு வைஃபை போட்டுவிட்டு, விழுகிறவர்களின் பாஸ்வேர்டை அள்ளலாம். மெயிலில் "உங்கள் கணக்கு மூடப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று வருவதும் அதே ஆட்களின் வேலைதான். மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது கம்பஸ் முகவரியிலிருந்தே பேராசிரியர்களுக்கு எழுது, குப்பைக்குள் போகாமல் வாசிக்க வாய்ப்பு அதிகம்.

அம்மா, இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இனி நாலரை மணித்தியால வித்தியாசம். ஞாயிறு உங்கள் நேரம் இரவு எட்டரைக்கு எடுக்கிறேன். பெத்தாவையும் கூப்பிட்டு வைத்திருங்கள்.

அன்புடன்,
அக்கா