புதிய பொறியாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் பட்டதாரிகள் வேலைக்குத் தகுதியாக வெளிவருவதில்லை என்ற குறை நாளிதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. பாடத்திட்டம், ஆசிரியர்களின் தரம், மாணவர்களின் ஆர்வமின்மை ஆகியவை விரிவாக அலசப்படும் அந்தக் கட்டுரைகளில், வேலையில் சேர்ந்த பின் முதல் ஐந்தாறு மாதங்களில் அந்தப் பட்டதாரிக்கு என்ன நேர்கிறது என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இயந்திர வடிவமைப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, புதிதாகச் சேர்ந்த பலரை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த மாதங்களைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன். கல்லூரி தராமல் விட்டதைவிட நிறுவனம் தராமல் விடுவதே அதிகம். அதிலும் முதன்மையானது, புதியவர் கேட்கும் கேள்விக்குப் பொறுப்புடன் பதில் சொல்ல ஓர் ஆள்.

முதல் வாரம் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கழிகிறது. அடையாள அட்டை, பாதுகாப்பு வகுப்பு, கையெழுத்திட வேண்டிய படிவங்கள், கணினிக்கான கடவுச்சொல் வரும்வரை காத்திருப்பு. பிறகு யாரோ ஒருவர் பழைய கோப்புகளை எடுத்துக் கொடுத்து, "இவற்றைப் படித்துக்கொண்டிருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அந்த அப்புறம் சில இடங்களில் மாதக்கணக்கில் வருவதில்லை. கோப்புகளில் நிறைந்திருப்பவை அந்த நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்களும், உதிரிபாக எண்களும், வரைபடத்தின் மூலையில் ஏ, பி, சி என்று ஏறிக்கொண்டே போகும் திருத்தக் குறிகளும்தாம். எந்தத் திருத்தம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது கோப்பில் இருக்காது. அதைச் செய்தவரின் நினைவில் இருக்கும், அவரோ வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். இதற்கு நேர்மாறான இன்னொரு வகையும் உண்டு: சேர்ந்த மறுநாளே அவசர வேலை ஒன்றில் தள்ளிவிட்டு, ஏதாவது தவறினால் மட்டும் திரும்பிப் பார்ப்பது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் முதலாவதையே சொல்வேன். அவசர வேலையில் சிக்கியவர் திட்டு வாங்கியாவது எதையோ கற்றுக்கொள்கிறார். கோப்புகளோடு விடப்பட்டவர், வேலையில் மூழ்கியிருப்பதுபோல் காட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். அந்தப் பழக்கம் பிற்காலத்திலும் எளிதில் போவதில்லை.

கல்லூரிக் கணக்குக்கும் பணியிடக் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தை வெளியில் இருப்பவர்கள் உணர்வது கடினம். தேர்வுத்தாளில் ஒரு சுழல்தண்டின் விட்டம் கேட்கப்பட்டால், அதன்மீது வரும் விசை, உலோகத்தின் வலிமை, தேவைக்கு மேல் எத்தனை மடங்கு வலிமை வைக்க வேண்டும் என்ற பாதுகாப்புக் காரணி ஆகிய அனைத்தும் கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும், விடையும் ஒன்றுதான். பணியிடத்தில் அந்த விசையை யாரும் எழுதித் தருவதில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கும்போதும் திடீரென்று நிற்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியையும் சேர்த்து எவ்வளவு வரும் என்று அவரேதான் கணிக்க வேண்டும். கணக்கிட்டு 37 மில்லிமீட்டர் என்று விடை கண்டுவிட்டாலும் வேலை முடிவதில்லை, ஏனெனில் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் 35, 40 என்ற அளவுகளில்தான் வழக்கமாகக் கிடைக்கும். 40 என்று முடிவு செய்தால் பேரிங்கைச் சுற்றியுள்ள கூடு பெரிதாகும். கூடு பெரிதானால் பக்கத்தில் செல்லும் குழாய் இடிக்கும். இப்படி ஒரு விடை இன்னொரு கேள்வியைக் கிளப்பிக்கொண்டே போவதுதான் வடிவமைப்பு வேலை. புதியவர்களின் வரைபடங்களில் பரவலாகக் காணப்படும் மற்றொன்று, எல்லா அளவுகளுக்கும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியம் கேட்பது. பேரிங் உட்காரும் இடத்துக்கு அது வேண்டும். மேல்மூடித் தகட்டின் ஓரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் வரைபடத்தில் எழுதிவிட்டால் அந்த ஓரத்தையும் ஒருவர் மெனக்கெட்டுக் கடைந்து, அளந்து, சற்று மாறுபட்டவற்றைக் கழித்துப்போட வேண்டியிருக்கும். துல்லியத்துக்கு விலை உண்டு என்பதை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் தங்காது; அந்தப் பாகத்தைச் செய்பவரின் அருகில் ஒரு முற்பகல் நின்று பார்த்தால் தங்கிவிடும்.

ஆகவே முதல் மாதங்களில் பாதியாவது பொருள் உருவாகும் இடத்தில் கழிய வேண்டும். கணினித் திரையில் எந்த மூலைக்கும் வெல்டிங் குறியீட்டைப் போட்டுவிடலாம்; வெல்டரின் கை அந்த மூலைக்குள் நுழையுமா என்பதைத் திரை சொல்லாது. ஒரு போல்ட்டை இத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்று எழுதுவது எளிது. அந்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் என்ற கருவியைத் திருப்ப இடம் விடப்பட்டிருக்கிறதா என்பதைப் பொருத்துநர்தான் முதலில் அறிகிறார். இவற்றைச் சொல்லித்தர விருப்பமுள்ள மூத்த தொழிலாளர்களை நான் பணிமனைகளில் நிறையவே பார்த்திருக்கிறேன். பட்டம் பெற்றவர் தம்மிடம் வந்து கேட்கிறார் என்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியும் உண்டு, கொஞ்சம் கிண்டலும் உண்டு. அந்தக் கிண்டலைப் பொறுத்துக்கொள்ளும் இளைஞர் விரைவில் தேறிவிடுகிறார். மென்பொருள் எழுதுவோருக்குப் பணிமனை கிடையாது என்றாலும், தாம் எழுதிய நிரலைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நேரில் பார்ப்பதும், சேவை நின்றுபோகும் வேளையில் அதை மீட்பவர்களோடு உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்கு அதே பயனைத் தரும்.

கேள்வி கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். புதியவர் பேசாமல் இருப்பதற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று. எதிரில் இருக்கும் மூத்த பொறியாளருக்கு அந்த வாரத்திலேயே முடித்துக்கொடுக்க வேண்டிய வேலை இருக்கிறது. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய வேலை என்று பெயரளவுக்குச் சொல்லப்பட்டிருந்தாலும், அதற்கென்று அவருடைய வேலைச்சுமை குறைக்கப்படுவதில்லை. இரண்டு முறை முகம் சுளித்துவிட்டால் மூன்றாம் முறை அந்த இளைஞர் வர மாட்டார். இப்போது அவர் செயற்கை நுண்ணறிவிடம் போய்க் கேட்டுக்கொள்கிறார். பாடநூலில் உள்ளவற்றை அது நன்றாகவே விளக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறிப்பிட்ட ஒரு தாங்கியின் (பிராக்கெட்டின்) தடிமன் மூன்றாம் திருத்தத்தில் ஏன் கூட்டப்பட்டது, களத்தில் எது விரிசல் விட்டது என்பது எங்கும் எழுதிவைக்கப்படாத செய்தியாக இருக்கும்போது, எந்த இயந்திரம் அதைச் சொல்ல முடியும்? வீட்டிலிருந்தே வேலை செய்யும் முறையில் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. பக்கத்து மேசையில் இருவர் வாதிடுவதைக் காதில் வாங்கிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புகூட அவர்களுக்கு இல்லை.

புதியவரின் கேள்வியால் பயனடைபவர் அவர் மட்டுமே என்று கருதுவோர், கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கியூபெக் பாலத்தின் கதையைப் படிக்க வேண்டும். அதன் ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். உடல்நலக் குறைவால் கட்டுமான இடத்துக்குச் செல்லாமல் நியூயார்க்கிலிருந்தே மேற்பார்வை செய்தார். களத்தில் அவருடைய பிரதிநிதியாக இருந்தவர், படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நார்மன் மெக்லூர். 1907 ஆகஸ்ட் மாதத்தில், பாலத்தின் எடையை அழுத்தமாகத் தாங்கும் கீழ்ப்பகுதி எஃகு உறுப்புகள் வளைந்திருப்பதை அவர் கவனித்து அளந்தார், எழுதி அனுப்பினார். அந்த வளைவு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருந்தது என்று பாலத்தைச் செய்த நிறுவனத்தின் தரப்பில் வாதிடப்பட்டது. நாட்கள் கழிந்தன, பாலத்தின் மீது எடை ஏறிக்கொண்டே இருந்தது, வளைவும் கூடியது. களத்தில் துணிந்து வேலையை நிறுத்தக்கூடிய மூத்த பொறியாளர் எவரும் இல்லாத நிலையில், மெக்லூர் நேரில் நியூயார்க் சென்று கூப்பரைச் சந்தித்தார். நிலைமையின் கடுமையைப் புரிந்துகொண்ட கூப்பர், மேற்கொண்டு எடை ஏற்ற வேண்டாம் என்று பாலத்தைச் செய்த நிறுவனத்துக்குத் தந்தி அடித்தார். அந்தச் செய்தி களத்தில் வேலையை நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 29 அன்று மாலை, வேலை முடியும் வேளையில் பாலம் சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலத்தின் நடு இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டபோது, அதற்கேற்ப அதன் சொந்த எடை உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. மூல காரணம் மூத்தவர்களின் கணக்கில் இருந்தது. அதன் விளைவைக் கண்ணால் கண்டு சொன்னவர் அங்கிருந்தவர்களில் அனுபவம் குறைந்த பொறியாளர்.

புதியவர்கள் கேட்பவை எல்லாம் இத்தகைய கேள்விகள்தாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தாமே கண்டுபிடித்திருக்கக்கூடியவை; அத்தகைய கேள்வி நாள்தோறும் வந்தால் மூத்தவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. அதனால் இளைஞர்களிடம் ஒன்றை எதிர்பார்க்கலாம்: வெறுங்கையோடு வராமல், தாம் போட்ட கணக்கையும், எதை எல்லாம் அனுமானமாக வைத்துக்கொண்டார்கள் என்பதையும் எழுதி எடுத்து வர வேண்டும். "இது எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகும், "இந்த விசையை நான் இப்படி எடுத்துக்கொண்டேன், சரியா?" என்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கிடைத்த பதிலைக் குறித்து வைத்துக்கொள்வதும் அவர்களுடைய கடமை.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் இளைஞர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவசரம் என்று சொல்லி, "சரிபார்த்தவர்" என்ற கட்டத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆனவரைக் கையெழுத்திடச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஒரு விடுதியின் உள்ளே தொங்கிய நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே நீண்ட கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த அமைப்பு, செய்வதற்கு எளிது என்பதற்காக இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டிருந்தது. அந்த மாற்றத்தால் மேல் நடைபாதையின் இணைப்பு தாங்க வேண்டிய சுமை இரு மடங்கானது. மாற்றம் காட்டப்பட்ட வரைபடங்களில் ஒப்புதல் முத்திரை இருந்தது. இணைப்பின் கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. சரிபார்க்காத ஒன்றில் கையெழுத்திட மறுக்கும் இளைஞரைப் பணிவற்றவர் என்று எழுதும் மேலாளர்கள் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. புதியவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும் பொறுப்புள்ள மூத்தவர் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்து, அதற்கான நேரத்தை அவருடைய வேலைக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். அவருடைய மற்ற வேலையில் அந்த அளவுக்குக் குறைக்கவும் வேண்டும். சிறியதாக இருந்தாலும் முழுமையான வேலை ஒன்றைப் புதியவரிடம் கொடுக்கலாம். ஒரு தாங்கியோ, ஒரு மூடியோ, நிரலில் ஒரு சிறு வசதியோ எதுவாயினும், அளவெடுப்பதிலிருந்து அது பொருத்தப்பட்டு ஓடுவது வரை அவரே உடனிருக்க வேண்டும். பெரிய திட்டத்தின் நூறு துண்டுகளில் ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டு, அது எங்கே போயிற்று என்றே தெரியாமல் இருப்பதால் யாரும் பொறியாளர் ஆவதில்லை. தகுதிகாண் பருவ முடிவில் நிரப்பப்படும் மதிப்பீட்டுப் படிவமும் மாற வேண்டும். நேரம் தவறாமை, குழு மனப்பான்மை, தோற்றம் என்று நீளும் அந்தப் படிவத்தில், இவர் என்னென்ன கேள்விகளை எழுப்பினார், அவற்றுக்கு யார் என்ன பதில் கொடுத்தார்கள், பதிலால் வரைபடத்திலோ செய்முறையிலோ எது மாறியது என்ற மூன்று இனங்களைச் சேர்த்தால், புதியவரின் தரமும் தெரியவரும், அவரை வைத்திருந்த பிரிவின் தரமும் தெரியவரும். இரண்டாவது தெரியவருவதை விரும்பாத பிரிவுத் தலைவர்கள் இதை எதிர்ப்பார்கள் என்பதையும் அறிவேன். அந்த எதிர்ப்பை மீறி இதைச் செய்ய வேண்டியவர்கள் நிறுவனத் தலைமையில் இருப்பவர்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திர வடிவமைப்புப் பொறியாளர்