திண்ணையில் ஒரு தாய் சொன்னது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதரச மாசு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பானின் மினமாட்டாவில் பூனைகள் வலிப்பு வந்து செத்ததையும், 1956 மே 1 அன்று அந்தப் புது நோய் அரசுக்குத் தெரிவிக்கப்பட்டதையும், சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் என்ற நச்சுப்பொருள் இருந்து, மீன் வழியாக மனிதருக்குப் போனதையும் தெளிவாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் டாக்டர் ஹராடா மசாசுமியின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஹராடா குமாமோட்டோ பல்கலைக்கழகத்து மருத்துவர். 1960களின் தொடக்கத்தில், இளம் வயதில், மினமாட்டாவின் மீனவர் வீடுகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு வீட்டுத் திண்ணையில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கோளாறு. ஆனால் மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்குப் பிறவியிலேயே வந்த மூளைவாதம் என்று டாக்டர்கள் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். சின்னவன் மீனே சாப்பிட்டதில்லையே, அவனுக்கு எப்படி அந்த நோய் வரும் என்பது அவர்கள் கணக்கு. தாய் அதை ஏற்கவில்லை. மீன் தின்றது நான், அப்போது இவன் என் வயிற்றில் இருந்தான், என் உடம்பில் சேர்ந்த விஷம் இவனுக்குப் போய்விட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதே காலத்தில் ஊரில் பிறந்த மற்றப் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னார்.

தாயின் உடம்பில் இருக்கும் விஷம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகாது என்பதுதான் அன்றைய மருத்துவப் பாடம். அந்த உறுப்புக்கு நம் மொழியில் இருக்கும் பெயரை இந்த இடத்தில் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஹராடா பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாய் சொன்னபடி வீடு வீடாகப் போனார். எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி அறிகுறிகள். 1962 நவம்பரில் 16 பிள்ளைகளுக்குத் தாயின் வயிற்றிலேயே மினமாட்டா நோய் வந்தது என்று அங்கீகாரம் கிடைத்தது.

ஆனால் கருவிலிருந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் போனது என்று அளந்த கணக்கு யாரிடமும் இல்லை. மெத்தில் பாதரசம் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மூளைக்குச் செய்த கேடு மட்டும் மாறாது. பல வருஷம் கழித்துப் பிள்ளையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து என்ன தெரியும்? ஜப்பானில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. ஹராடா அவற்றைத் தாய்மார்களிடம் கேட்டு வாங்கினார். எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்பது தெரியும். அந்தக் கொடியில் எவ்வளவு பாதரசம் என்பதைக் கருவி சொல்லிவிடும். பாதரசத்தைப் பயன்படுத்தி ஆலை தயாரித்த அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தின் உற்பத்தி ஏற ஏறக் கொடிகளில் மெத்தில் பாதரசமும் ஏறியிருந்தது. 1975இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. திண்ணையில் அந்தத் தாய் சொன்னது சரிதான் என்று காகிதத்தில் ஏற இவ்வளவு காலம் ஆயிற்று.

நான் 20 வருஷத்துக்கு மேல் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் ஒருவர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். குடித்த ஆடுகள் சுணங்கிச் சுணங்கிச் சாகின்றன என்றார். படிவத்தில் இருந்தபடி உப்பு, கடினத்தன்மை, குளோரைடு எல்லாம் பார்த்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தோம். ஈயம், காட்மியம், பாதரசம் எதற்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆடுகளைப் பற்றி எழுதவும் இடமில்லை. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் சொன்னதைக் காதில் வாங்கியது நான்தான். வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான்.

உங்கள் கட்டுரையாளரிடம் எனக்கு இருக்கும் வருத்தமும் இதைச் சேர்ந்ததே. அவர் பேசியதெல்லாம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கும் கருவியின் துல்லியமும்தான். கணக்கு வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அப்புறம், தண்ணீரை மட்டும் அளந்தால் பாதரசம் பெரும்பாலும் பிடிபடாது. அது நீரில் கொஞ்சமாக இருந்து, நுண்ணுயிரில் கூடி, சின்ன மீனில் கூடி, பெரிய மீனில் லட்சக்கணக்கான மடங்கு ஆகிவிடும். மீனையும், அதைத் தின்கிறவரின் தலைமுடியையும் சோதிக்க வேண்டும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதால், எந்த மாதத்தில் எவ்வளவு பாதரசம் உள்ளே போனது என்பதுகூட அதில் தெரியும்.

அடுத்த பகுதி ஈயத்தையும் காட்மியத்தையும் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். எந்த ஆய்வை எடுத்துக்கொண்டாலும், ஆய்வாளர்கள் மாதிரி எடுக்குமுன் அங்கே குடியிருப்பவர்களிடம் என்ன கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கால் பக்கம் ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்