கடலடிக் குளிரும் நானும்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஹூஸ்டனில் இத்தனை வருஷம் என்னதான்டா பண்ணினாய் என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்றபிறகாவது சொல்கிறேன்.

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் பம்பாய் ஹை எண்ணெய் வயலில் நான் சேர்ந்தபோது கடல் 75 மீட்டர் ஆழம்தான். வால்வுகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே, மக்கர் செய்தால் ஸ்பேனரோடு போய் நிற்கலாம். இங்கே மெக்ஸிகோ வளைகுடாவில் பெர்டிடோ என்ற எண்ணெய் மேடை நிற்கும் இடத்தில் ஏறக்குறைய 2,450 மீட்டர். மனிதன் இறங்க முடியாது, கடலடி வால்வைத் திருப்புவது ரோபோ. அதை ஓட்டுவது மேலே ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன்.

ஊரில் எல்லோரும் ஆழத்தைக் கேட்டு வாய் பிளப்பார்கள். எனக்குத் தூக்கம் கெட்டதோ குளிரால்தான். அடியில் 4 டிகிரி. அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல உறைந்து குழாயை அடைத்துவிடும். ஹைட்ரேட் என்பார்கள். லேபில் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறேன், சுருசுருவென்று இரைந்துகொண்டே இருக்கும், தீக்குச்சி காட்டினால் பனிக்கட்டி எரியும், அடியில் தண்ணீர் சொட்டும்!

ஒருமுறை புயலுக்குப் பயந்து கிணறுகளை மூடினோம், திறக்கும்போது ஹைட்ரேட் உறையாமல் தடுக்கும் மெத்தனால் போதுமான அளவு போகவில்லை (கணக்குப் போட்டதில் நானும் ஒருவன்), குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் கட்டி துப்பாக்கிக் குண்டாகப் பாயும், ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, கட்டி தானாகக் கரையட்டும் என்று வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதற்கும் சம்பளம் கொடுத்தார்கள்.

2010 ஏப்ரலில் இதே வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்து 11 பேர் போனது உனக்கு நினைவிருக்கும். மே மாதம் 1,500 மீட்டர் ஆழத்தில் கசியும் எண்ணெயைப் பிடிக்க அதன் மேல் பெரிய இரும்புக் கூண்டு ஒன்றை இறக்கினார்கள். உச்சியில் அதே ஹைட்ரேட் அடைத்துக்கொண்டது, கூண்டு மிதக்கப் பார்த்தது, ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டார்கள். டிவியில் அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விஷயம்டா அது. கிணற்றின் வாயை அடைக்க ஜூலை 15 ஆயிற்று.

அப்புறம், உன் மகன் ஐஐடி மெட்ராஸில் கடல் பொறியியல் எடுக்கலாமா என்று கேட்டானே, தாராளமாக எடுக்கட்டும். எண்ணெய் இல்லாவிட்டாலும் கடலில் காற்றாலை நடவும் அதே படிப்புதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடச் சொல், உங்கள் ராத்திரி எனக்குக் காலை, வீட்டில்தான் இருப்பேன்.

முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது. ஜனவரியில் திருச்சி வருகிறேன்.

உன்,
ராமு