பின்கட்டையும் படம் எடுக்க விடுங்கள்

மலையகத்துப் பழைய ஹோட்டல் ஒன்றின் புனரமைப்பைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டலின் பெயரை இங்கே எழுதவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

கடந்த மாதம் உங்கள் அனுமதிக் கடிதத்துடன் அங்கே படம் எடுக்க வந்தவன் நான். காவலாளி கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தார். முன்மண்டபம், மாடிப்படி, நடனக்கூடம் என்று அதில் மூன்றே இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றையும் எடுத்துக்கொண்டேன், நன்றி. இந்த மடல் நான்காவது இடத்தைப் பற்றியது.

அதற்கு முன், எடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். 1950களின் கட்டடம் அது. வளைந்து ஏறும் மாடிப்படி, கல்சில்லுகள் பதித்து மெருகிட்ட டெரசோ தரை, துருப்பிடித்து மூடவும் திறக்கவும் மறுக்கும் இரும்புச் சன்னல்கள். மின்சாரம் இல்லை. கமராவை முக்காலியில் பூட்டி எட்டு வினாடி, பத்து வினாடி என்று காத்திருந்துதான் ஒவ்வொரு படத்தையும் எடுத்தேன். ஒரு மணிக்கெல்லாம் உடைந்த கண்ணாடி வழியே மூடுபனி நடனக்கூடத்துக்குள் வந்துவிட்டது. பத்து வினாடிப் படத்தில் அது பால் கொட்டியதுபோல் தரையெல்லாம் படர்ந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கோ அதில் அவ்வளவு பெருமை இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் கொஞ்சம் பனியும் இருந்தால் யார் எடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும்.

பின்கட்டுக் கதவு அன்று தற்செயலாகத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், சலவைக்கூடம், வேலையாட்களின் அறைகள். என் அப்பா அந்தச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தார். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் மேசைவிரிப்புகளைத் தேய்த்த வலது கை, கடைசிவரை முழுதாக நிமிரவில்லை. முன்மண்டபத்தை அவர் பார்த்தது தரையைத் தேங்காய் மட்டையால் தேய்க்க ஆள் போதாமல் கூப்பிட்ட நாட்களில் மட்டும்தான்.

சமையலறைக் கதவு நிலையின் உட்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். டோச் அடித்துப் பார்த்தேன். இருக்கின்றன. பென்சிலால், தமிழில், ஒன்றின் கீழ் ஒன்றாக, பக்கத்தில் திகதியுடன். ஐந்தாறு வரிகள் வாசிப்பதற்குள் காவலாளி கூப்பிட்டுவிட்டார். அவர்மீது குறை இல்லை. கடிதத்தில் இல்லாத இடம்.

அவை வேலைக்குச் சேர்ந்த திகதிகள் அல்ல, ஊரைவிட்டுப் போன திகதிகள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று இரு அரசுகளும் எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டன. ஹோட்டலில் விருந்தினர் பதிவேடு ஒன்று இருந்தது; அதில் கையெழுத்திட இவர்களை யார் கேட்பார்கள்? தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் புறப்பட்டவர்கள் கதவு நிலையில் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால், பெயர்களை நானாக இங்கே அச்சில் ஏற்றமாட்டேன்.

நுழைவாயிலில் தொங்கும் உங்கள் வரைபடத்தில் முன்பகுதி 'பாதுகாக்கப்படும்' என்றும் பின்கட்டு 'அகற்றப்படும்' என்றும் இருக்கிறது. அங்கே வாகனத் தரிப்பிடமாம். இந்த வயதுக் கட்டடங்களுக்கு இதுதான் விதி. தொல்பொருள் என்று மதிக்க வயது போதாது. புதிது என்று வைத்திருக்க வயது கூடிவிட்டது. கண்டியில் கட்டடக்கலைஞர் மினெற் டி சில்வா 1951இல் கட்டி முடித்த கருணாரத்ன வீட்டைப் பாருங்கள். கதவுகளில் தும்பறைப் பகுதியின் பாய் நெசவை வைத்து, கைவினைஞர்களின் வேலையை வீட்டின் முன்னுக்கே கொண்டுவந்தவர் அவர். அந்த வீடே பல காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அப்படியிருக்க ஒரு சலவைக்கூடத்துக்கு யார் குரல் கொடுப்பார்கள்?

ஆனால் கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக மாற்றியவர்கள் பழைய இயந்திரங்களை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். வேலை நடந்த இடத்தைக் காட்ட அவர்கள் வெட்கப்படவில்லை. விருந்தினர்களும் ஓடிவிடவில்லை.

பின்கட்டை இடிக்கவே வேண்டாம் என்று கேட்கத்தான் மனம் சொல்கிறது. கூரைத் தகரம் இருக்கும் நிலையைப் பார்த்தேன், ஆகவே கேட்கவில்லை. இரண்டு நாள் தாருங்கள். பென்சில் எழுத்தை நேராக ஒளி பாய்ச்சி எடுத்தால் பளபளப்புத்தான் விழும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, சாண் சாணாக, அளவுகோலுடன் எடுக்கவேண்டும். அதற்குத்தான் இரண்டு நாள். படங்களின் பிரதி உங்களுக்கும் தருவேன், பணம் வேண்டாம். அதுவரை அந்தக் கதவு நிலையை யாரும் ஈரத்துணியால் துடைக்காமலும் பெயிண்ட் அடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இடிக்கும்போது நிலையை மட்டும் கழற்றி எடுத்து வையுங்கள். பலா மரம், இன்னும் உளுக்கவில்லை.

ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால் பனி இறங்குவதற்குள் நாலு மணி நேரம் கிடைக்கும். கடிதத்தில் 'பின்கட்டு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புங்கள். காவலாளி இரண்டு தடவை வாசிப்பார்.

இப்படிக்கு,
சலவைக்கூடத்துக்காரரின் மகன்